பால்முறை

அந்த வருஷம் வெண்ணாற்றுக்குத் தண்ணீர் வர ஆனி பாதி போய்விட்டது. வந்ததும் சும்மா வரவில்லை. கோடையெல்லாம் ஆற்று மணலில் கிடந்த சருகு, சாணி, செத்த நண்டு, யாரோ விட்டெறிந்த கிழிந்த பாய் என்று சகலத்தையும் நுரையோடு தள்ளிக்கொண்டு வந்தது. இருந்தாலும் புதுத்தண்ணீர் புதுத்தண்ணீர்தான். நீடாமங்கலத்துக்கு வடக்கே இரண்டு மைலில் இருந்த அந்த ஊரே கரையில் போய் நின்றது. தண்ணீரைக் கண்டால் இந்தச் சீமைக்காரனுக்குப் பசி, பகை எல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

கமருன்னிஸா மட்டும் போகவில்லை. கொல்லையில் செம்பருத்திச் செடிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். மாரில் கட்டிய பாலைப் பீய்ச்சிச் செடியின் வேரில் விட்டுக்கொண்டிருந்தாள். தாய்ப்பாலைக் கால் படுகிற இடத்தில் விடக்கூடாது, எறும்பு மொய்த்தால் மார் வற்றிப்போகும் என்று ஒரு பேச்சு உண்டு. இவளுக்கோ வற்றினால் தேவலை போலிருந்தது. நாலு மாசத்துப் பெண் ஜெய்த்தூன் ஒரு பக்கம் குடித்ததும் தூங்கிவிடுவாள். மறுபக்கம் கல்லாய்க் கட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

உள்ளே குழந்தை அழுதது. அது ஜெய்த்தூன் இல்லை. அண்ணன் சேக் தாவூதின் மகன் ஷாகுல். பிறந்து இரண்டு மாசம் ஆகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் கமருன்னிஸாவுக்குப் பீய்ச்சாமலே பால் ஓடியது. அழுவது யார் பெற்ற பிள்ளை என்று மாருக்கு என்ன தெரியும்?

ஷாகுலுக்குத் தாய் இருந்தாள். ரஹ்மத் பீவி. திருவிடைமருதூர்ப் பக்கம் எளிய வீட்டில் பிறந்த பெண், இருபது வயசு. பிள்ளை பெற்ற பத்தாம் நாள் அவளை விஷக்காய்ச்சல் போட்டுப் புரட்டியது. ஆள் பிழைத்து எழுந்தாள், பால் எழவில்லை. சேக் தாவூதும் கமருன்னிஸாவின் புருஷன் மூஸாவும் பினாங்கில் ஒரே கடையில் வியாபாரம். பிள்ளைக்குப் பாலில்லை என்று கடிதம் போனதும், கொழுத்த வெள்ளைக்காரக் குழந்தையின் படம் போட்ட பால்மாவு டப்பாக்கள் ஊருக்கு வருகிற ஆட்கள் கையில் வந்தன. ரப்பர் காம்பு வைத்த புட்டி ஒன்றும் வந்தது. தெருப் பெண்கள் அதை வாங்கிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, "ராசா வீட்டுப் புள்ளைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரே வீட்டில் ஒருத்திக்கு வழிகிறது, இன்னொருத்தியின் பிள்ளை அழுகிறது. எடுத்து மாரில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. போட்டுக்கொள்ள முடியாமல் இருந்ததற்குக் காரணம், மூன்று வேலி நிலம்.

நிலம் கமருன்னிஸாவின் அத்தா மீரா சாகிபுடையது. உச்சவரம்புச் சட்டம் வருகிறது, எடுத்துக்கொள்வார்கள் என்றதும் மனுஷர் பாதியை மகன் பேரிலும் பாதியை மகள் பேரிலும் எழுதிவிட்டார். எழுதின நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. நடுவில் விழுந்த வரப்பு அவர் நெஞ்சில் விழுந்தாற்போல் இருந்தது. மகள் வீட்டில் பெண்ணும் மகன் வீட்டில் ஆணும் அடுத்தடுத்துப் பிறந்ததும், இது அல்லா போட்ட கணக்கு என்று சொன்னார். அத்தை மகள், மாமன் மகன், அசல் முறை. ரஹ்மத் பீவி நாற்பது குளித்த அன்றைக்கு இரண்டு குழந்தைகளையும் ஒரே ஏணையில் கிடத்தி, இரண்டு வாயிலும் சர்க்கரை தொட்டுவைத்து, ஜமாத்தார் முன்னிலையில் பேச்சை முடித்துவிட்டார்.

சர்க்கரை தொட்டுவைக்கும் முன்பே, பாலில்லை என்று தெரிந்த வாரமே, கமருன்னிஸா அவரிடம் போய்க் கேட்டாள்.

"அத்தா, நான் குடுக்கட்டுமா?"

"என்னத்தெ?"

"பாலைத்தான். பச்சப்புள்ளை, அண்ணன் மவன். டப்பாவுல என்னத்தக் கரைச்சு ஊத்துறது?"

மீரா சாகிபு கையிலிருந்த தஸ்பீகு மணிமாலையை மடியில் வைத்தார். "கமரு, நீ ஓதுன பொண்ணுதானே. ஒரு மொடக்கு எறங்கினாப் போதும், அவன் ஒனக்குப் புள்ளை. ஒம் பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி. அப்புறம் யாரு யாரைக் கட்டுறது?"

"கட்டுறதுக்கு இன்னும் இருவது வருஷம் இருக்கே அத்தா."

"வரப்பு இருவது வருஷம் கழிச்சும் அங்கனதாம்மா கெடக்கும். டப்பாப் பால் குடிச்ச புள்ளையெல்லாம் வளரலையா? மலாய்க்காரன் அத்தனை பேரும் இதுலதான் வளர்றான்."

கமருன்னிஸா திரும்பி வந்துவிட்டாள். அத்தாவுக்குப் பயந்து மட்டும் வந்தாள் என்று சொன்னால் கதை பொய்யாகிவிடும். அவளுக்கும் ஆசை இருந்தது. பதினாறு வயசில் முகம் தெரியாத வீட்டுக்குப் போய், மாமியார் வாயில் விழுந்து, அத்தா வீட்டுக்கே திரும்பி வரும்வரை பட்டதெல்லாம் அவளுக்குத் தெரியும். தன் பெண் பிறந்த முற்றத்திலேயே வாழ்ந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள். அதில் என்ன குற்றம் என்று அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவது பொன்னுத்தாய். மீரா சாகிபின் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற பஞ்சநதத்தின் பெண்சாதி. ஆறு வறண்ட மாசங்களில் மணலைத் தோண்டி, ஊற்றுப் போட்டு, ஊறி வருகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு, துணியில் வடிகட்டி இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றுவாள். இளநீர் மாதிரி இருக்கும். வைகாசியில் மீரா சாகிபு, குத்தகைக்காரனுக்கு உரிமை தரும் சட்டத்துக்குப் பயந்து, நானே சொந்தமாய்ச் சாகுபடி பண்ணப்போகிறேன் என்று பஞ்சநதத்தை நிலத்தை விடச் சொன்னார். மூன்று தலைமுறையாய் உழுதவன் விடுவானா? வயலில் செங்கொடி ஏறியது. கொடி ஏறின அன்றோடு பொன்னுத்தாய் கொல்லைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம் புதுத்தண்ணீர் வந்து ஊற்றுகளை எல்லாம் மூடிவிட்டது. கொல்லைப் படித்துறையிலேயே தண்ணீர் தளும்பியபோது அதுவும் வசதியாகத்தான் பட்டது. கமருன்னிஸாவே குடத்தில் மொண்டு வருவாள். தேத்தாங்கொட்டையைக் கல்லில் இழைத்துக் குடத்தில் கலக்கி வைத்தால், விடிவதற்குள் சேறெல்லாம் அடியில் தங்கி, மேலே தண்ணீர் கண்ணாடியாய் நிற்கும். அந்தச் சீமையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது பாட்டன் காலத்துக் கணக்கு. அந்தக் கண்ணாடித் தண்ணீரை அடுப்பில் வைத்து விரல் பொறுக்கிற சூட்டில் இறக்கி, ஷாகுலின் புட்டியில் ஊற்றினார்கள். விறகும் ஆள் வந்து பிளந்து போட்டால்தானே? எரிக்கிறதை எண்ணி எரிக்கவேண்டியிருந்தது. பினாங்கிலிருந்து வரவேண்டிய ஆள் வராததால் டப்பாவில் மாவும் அடிக்குப் போய்விட்டது. மூன்று கரண்டி போடுகிற இடத்தில் ரஹ்மத் பீவி ஒன்றரை போட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் புட்டியைக் கலக்கிக்கொண்டே நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள்.

"மச்சி, ஒங்க ரவிக்கை நனைஞ்சிருக்கு."

கமருன்னிஸா குனிந்து பார்த்தாள். ஜெய்த்தூன் தூங்கிக்கொண்டிருந்தாள். அழுதது ஷாகுல்தான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "தண்ணி தெளிச்சிருக்கும்" என்றாள்.

ரஹ்மத் பீவி புட்டியை மறுபடி கலக்கினாள். அந்த வீட்டில் வாய் திறந்து கேட்க அவளுக்கு என்ன பலம் இருந்தது? ஆனாலும் அவள் கேட்டுவிட்டாள் என்பது கமருன்னிஸாவுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி எழுந்து போனாள். பின்னால் எத்தனையோ வருஷம் அவளைக் குத்தியது அந்த முந்தானைதான்.

ஆடி பிறந்ததும் ஷாகுலுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் பச்சையாய், பிறகு வெறும் தண்ணீராய். "பல்லு மொளைக்கிறதுக்குப் போவுது" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. மூன்று மாசத்தில் என்ன பல்? வசம்பு சுட்டு உரைத்துக் கொடுத்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். போகிற வயிற்றுக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று தண்ணீரை நிறுத்தினார்கள். அது ஊரோடு சேர்ந்த தப்பு. பிள்ளையின் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உச்சிக்குழி பள்ளமானது.

படித்துறையில் பொன்னுத்தாய் எதிர்ப்பட்டாள். இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை. கொடி ஏறியதிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பொன்னுத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சின்னவருக்கு ஒடம்பு முடியலையாமே அம்மா?"

"வயித்தால போவுது பொன்னுத்தாயி. நிக்கவே மாட்டேங்குது."

"புட்டிப் பாலு ஒத்துக்கலைங்க. நீங்க குடுக்கக் கூடாத முறைன்னு ஊரே பேசிக்குது. எனக்கு ஒண்ணும் முறை தப்பாதே? எம்மாருல ரெண்டு புள்ளைக்கு இருக்கு. அய்யாவும் எங்க வூட்டாளும் வரப்புல நின்னு சண்டை போட்டுக்கட்டும். புள்ளைக்கு என்னங்க வயலு?"

கமருன்னிஸாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. குடத்தைப் போட்டதுபோட்டபடி உள்ளே ஓடி அத்தாவிடம் சொன்னாள். மீரா சாகிபு முகம் சிவந்துபோனார்.

"நம்ம வயல்ல கொடி நட்டவன் பொண்டாட்டிக்கிட்டயா? நாளைக்கு ஊர்வலத்துல சொல்லுவான், எங்க பாலைக் குடிச்சு வளர்ந்தவன் எங்க நெலத்தைப் புடுங்குறான்னு. வேண்டாம். நர்ஸம்மாவைக் கூப்புட்டு அனுப்புறேன்."

கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. பேரனை ராத்திரியெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் அவர்தான். ஆனால் ஒரு தோளில் பேரனும் மறுதோளில் மூன்று வேலியும் இருந்தால், நடக்கிறவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று சொல்ல முடியாது.

சௌந்தரநாயகி நர்ஸ் சைக்கிளில் வந்தாள். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. புட்டியை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.

"தண்ணிய நிறுத்தச் சொன்னது யாரு? ஒடம்புல இருக்கறதெல்லாம் வெளில போவுது, உள்ள ஊத்தவும் மாட்டேங்குறீங்க. நல்லாக் கொதிச்சு ஆறின தண்ணியில உப்பும் சர்க்கரையும் போட்டுச் சொட்டுச் சொட்டா விடுங்க. தாய்ப்பால்தான் தாங்கும். இவங்களுக்குத்தான் இல்ல." ஜெய்த்தூனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற கமருன்னிஸாவைப் பார்த்தாள். "நீங்க பால் குடுக்கறவங்கதானே?"

நடையில் நின்ற மீரா சாகிபு தொண்டையைச் செருமினார்.

"அது எங்கள்ள ஒரு முறை இருக்குதும்மா. ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"வெண்ணெய்ய கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க பாய்" என்றாள் நர்ஸ். அவளுக்கு அவசரம், இன்னும் நாலு ஊர் போகவேண்டும். "நாளைக்குள்ள தெளியலைன்னா மன்னார்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாள்.

அன்று முழுக்க உப்புத் தண்ணீர் விட்டார்கள். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. மறுநாள் விடியும்போது ஷாகுலின் அழுகை நின்றுபோயிருந்தது. தூங்குகிறான் என்று நினைத்தார்கள். அழத் தெம்பில்லாமல் போயிருக்கிறது என்று ரஹ்மத் பீவிக்குத்தான் தெரிந்தது. மடியில் பிள்ளையோடு கமருன்னிஸாவின் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மச்சி" என்றாள். "ஒங்க பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை கெடைப்பான்."

அவ்வளவுதான் சொன்னாள். கமருன்னிஸா பிள்ளையை வாங்கினாள். என்ன கனம் இருக்கும் அது? குடம் வைக்கிற சும்மாடு அளவுக்குக்கூட இல்லை. "பிஸ்மில்லா" என்று சொல்லி மாரில் வைத்தாள். காம்பைத் தொட்டதும் பால் பீறிட்டது. குழந்தையின் வாய் திறந்திருந்தது, சப்பவில்லை. வாயில் நிறைந்த பால் கடைவாய் வழியாக வழிந்து அவள் கையில் ஓடியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். கன்னத்தைத் தட்டினாள். "குடிடா ராசா, குடிடா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, குடிடா" என்று கெஞ்சினாள். தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கின மாதிரி இருந்தது. இருந்ததோ, அவள் ஆசையோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

மீரா சாகிபு வாசற்படியில் வந்து நின்றார். பார்த்தார். வெளியே போய் அவரே வண்டியைப் பூட்டினார்.

மன்னார்குடிக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னும் பின்னுமாய் எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தது. நெல் மூட்டை வண்டிகள், உரம் ஏற்றிய லாரி, கரைவேட்டி கட்டிய கட்சிக்காரர்கள் நிறைந்த ஒரு வேன், எல்லாம் வரிசையில் நின்றன. வேனிலிருந்து ஒலிபெருக்கி, உழுகிறவனுக்கு உரிமை தந்தது எங்கள் ஆட்சி என்று சொல்லிக்கொண்டிருந்தது. கமருன்னிஸா துப்பட்டிக்குள் பிள்ளையை மாரோடு அணைத்தபடியே இருந்தாள். எடுத்தால் குடிப்பதை நிறுத்திவிடுவான் என்பதுபோல. கேட் திறந்து வண்டி குலுங்கியபோது குனிந்து பார்த்தாள். பிள்ளையின் கண் அரைக்கண்ணாய் நின்றிருந்தது.

"அத்தா, வண்டியத் திருப்புங்க" என்றாள்.

மையவாடியில் ஒரு முழக் குழி போதுமாயிருந்தது. மண் தள்ளிவிட்டு வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத், மீரா சாகிபின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாங்க, நெலத்துக்கு மட்டும் ஊர்ல எல்லார்ட்டயும் யோசனை கேக்குறீங்களே" என்று ஆற்றாமையில் தடுமாறினார். "உசுரு போற எடத்துல பால் குடுக்கறது கடமை. சம்பந்தம் போனாப் போவுது. மார்க்கம் எங்கயும் புள்ளையப் பட்டினி போடச் சொல்லலையே" என்றார். மீரா சாகிபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுதாரா என்றால், அழுதார். ஊர் பார்க்க அழுதார்.

உள்ளே ரஹ்மத் பீவி கேட்டாள். "கடைசியில குடிச்சானா மச்சி?"

"குடிச்சான்" என்றாள் கமருன்னிஸா. "ஒரு மொடக்கு குடிச்சான்."

"அப்ப ஒங்களுக்கும் புள்ளைதான் அவன்" என்று சொல்லி ரஹ்மத் பீவி அவள் தோளில் சாய்ந்தாள். இரண்டு தாய்களும் ஒரு பிள்ளைக்கு அழுதார்கள். கமருன்னிஸாவுக்கு அப்போதும் பால் வழிந்தது. அன்றைக்கு அவள் செம்பருத்திப் பக்கம் போகவில்லை. வழியட்டும் என்று விட்டுவிட்டாள்.

சேதி கேட்டுச் சேக் தாவூது புரட்டாசியில் ஊருக்கு வந்து, தை வரைக்கும் இருந்துவிட்டுப் போனான். பஞ்சநதம் கோர்ட்டில் குத்தகை உரிமையைப் பதிந்துகொண்டான். மீரா சாகிபுக்கு நிலம் வேலி கணக்கில் இருந்தும் வரப்பில் நிற்க இடமில்லாமல் போயிற்று. பொன்னுத்தாய் திரும்பவும் தண்ணீர் கொண்டுவந்தாள். சம்பளத்துக்கு இல்லை, ரஹ்மத் பீவி முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு. தேத்தாங்கொட்டையைக் கமருன்னிஸா கொல்லையில் விட்டெறிந்துவிட்டாள். விறகை எண்ணாமல் எரித்தாள். அந்த வீட்டில் கொதிக்காத தண்ணீர் யார் தொண்டையிலும் இறங்கவில்லை.

அடுத்த ஆனியில், ஆற்றில் மறுபடி புதுத்தண்ணீர் வந்த வாரம், ரஹ்மத் பீவிக்குப் பையன் பிறந்தான். ஹஜ்ரத் வந்து காதில் பாங்கு சொன்னார். தெருப் பெண்கள் அறை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மீரா சாகிபு நடையில் நின்று, ஒரு வருஷமாய்க் காணாமல் போயிருந்த சிரிப்போடு உள்ளே குரல் கொடுத்தார்.

"அல்லா எடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டான். கமரு, ஒம் பொண்ணுக்கு மாப்பிள்ளை வந்துட்டான். ஒண்ணே கால் வயசு மூப்பா இருந்தா என்ன? நம்ம ரசூலுல்லாவுக்கே மூத்தவங்கதானே மொதல் பீவி! ஏணையக் கட்டுங்க, சர்க்கரை எடுத்துட்டு வாங்க."

ரஹ்மத் பீவியின் கை பிள்ளையின் மேல் இறுகியது. இந்தத் தடவை அவளுக்கு நல்ல உடம்பு. சீம்பால் கட்டி மார் கனத்திருந்தது. பிள்ளைக்கு யாருடைய தயவும் தேவைப்படவில்லை.

கமருன்னிஸா எழுந்தாள். பால்குடி மறக்காத ஜெய்த்தூன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். கமருன்னிஸா ரஹ்மத் பீவியின் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். ரஹ்மத் பீவி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி அந்தக் கையில் வைத்தாள்.

அத்தனை பெண்களும் பார்க்க, கமருன்னிஸா ரவிக்கையைத் தளர்த்திப் பிள்ளையை மாரில் வைத்தாள். இவன் சப்பினான். மொடக்கு மொடக்காய் இறங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"என்னம்மா அங்க? ஏன் யாரும் பேசலை?" என்றார் நடையிலிருந்து மீரா சாகிபு. "கமரு, சர்க்கரை எங்க?"

"சாட்சிக்கு நாங்கள்லாம் இருக்கோம் மாமு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி மெல்ல. அவருக்குப் புரிந்துவிட்டது. நடையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவது கேட்டது.

பிள்ளை வாயை எடுத்தான். கமருன்னிஸா அவன் வாயைத் துடைத்துத் தாயிடம் நீட்டினாள். ரஹ்மத் பீவி வாங்கிக்கொள்ளவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு பக்கமும் குடுங்க மச்சி" என்றாள்.